உரிமம் வரும்வரை

அந்த வருஷம் கரோலின் தூங்கியதெல்லாம் பெரும்பாலும் பஸ்ஸில்தான். நரசாபுராவில் இருக்கும் மருந்துக் கம்பெனியின் பஸ் விடிவதற்கு முன்பே கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக்கு வந்து நிற்கும். வீடு இருக்கும் பாலகாட்டிலிருந்து அவளுடைய புருஷன் சகாயம் தன் சரக்கு ஆட்டோவில் கொண்டுவந்து விடுவான். ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலில் தலை சாயும். கோலாரில் மற்றவர்கள் ஏறும் சத்தம்கூட அவளுக்குக் கேட்காது. கம்பெனி வாசலில் பக்கத்து சீட்டு ஜெயசீலி தோளைத் தட்டினால்தான் கண் திறப்பாள்.

ஊசி மருந்தைக் கண்ணாடிக் குப்பிகளில் நிரப்பி மூடும் பிரிவில் அவளுக்கு வேலை. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு, கைக்கு இரண்டு உறை, கண்ணுக்குக் கண்ணாடி. உள்ளே வேகமாக நடக்கக் கூடாது, நடந்தால் காற்று கலங்கும். பேசக் கூடாது, மூக்கைச் சொறியக் கூடாது. ஷிப்ட் முடிந்து உறையைக் கழற்றும்போது விரலெல்லாம் ஊறி வெளுத்து, ரொம்ப நேரம் துணி துவைத்த கை மாதிரி இருக்கும்.

கொரோனா வந்த அடுத்த வருஷத் தொடக்கத்தில் கம்பெனி புதிதாக ஒரு கூடம் கட்டி முடித்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் தடுப்பூசியை இங்கேயே தயாரிக்க உரிமம் கேட்டிருக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஒருநாள் புரொடக்‌ஷன் மேனேஜர் ரூபேஷ் கேன்டீனுக்கே வந்து சொல்லிவிட்டார். கோலார்க்காரர், அதிகம் பேசாதவர், அன்றைக்குக் கொஞ்சம் உற்சாகமாகவே பேசினார். உரிமம் வந்த உடனே வேலை ஆரம்பித்துவிடும், முதல் ஊசி நம்முடைய ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும்தான், முதலாளியே சொல்லியிருக்கிறார் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

அன்று சாப்பிடும்போது கரோலின் இதைச் சகாயத்திடம் சொன்னாள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். "குடும்பம்னா யாரு யாருலாம் வரும்?" என்று கேட்டான். அவளுக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. "யாரு வேணும்னாலும் சொல்லிக்கலாம்னு நெனைக்கிறேன். மொதல்ல வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். அப்படிச் சொன்னதே மறுநாள் அவளுக்கு நினைவில் இல்லை.

உரிமம் வருவதற்குள் கூடத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும். தடுப்பூசிக்குப் பதிலாக, கிருமி வளரக்கூடிய ஒரு சத்து நீரைக் குப்பிகளில் நிரப்பி மூடினார்கள். பிறகு அதைச் சூடான அறையில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே ஒவ்வொரு குப்பியாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். கலங்கியிருந்தால் எங்கேயோ சுத்தம் போதவில்லை என்று அர்த்தம். தெளிவாக இருந்தால் கூடம் தேர்ச்சி. பெண்கள் அந்த நீருக்கு 'சூப்பு' என்று பேர் வைத்தார்கள். ஒரு குப்பிகூடக் கலங்கவில்லை. ஆயிரக்கணக்கில் தெளிந்த குப்பிகளைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் குப்பைக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதம் மறுபடியும் சூப்பு.

இங்கே தங்கவயலில் ஊசி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. ஏப்ரலில் அலை ஏறியபோது ஆஸ்பத்திரி வாசலில் ஜனம் கோழி கூவும் முன்பே வந்து நின்றது. மருந்து தீர்ந்துபோச்சு என்று பலகை வைப்பார்கள், கலைந்து போகும், மறுநாளும் வரும். மே மாதத்தில் போனில் பதிந்தால்தான் சிறு வயசுக்காரருக்கு ஊசி என்றானதும், பெங்களூரில் இடம் கிடைக்காதவர்கள் தங்கவயலில் பதிந்துகொண்டு கார் எடுத்துவந்தார்கள். குளுகுளு கார்களில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்து, போட்டுக்கொண்டு, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். வெயிலில் நின்ற உள்ளூர்க்காரர்கள் அந்தக் கார்களின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். யாரும் சண்டைக்குப் போகவில்லை. அவர்களுக்கும் உயிர் பயம்தானே என்று சிலர் சொன்னார்கள்.

கரோலின் வீட்டுக்கு அடுத்த வீடு முனிரத்தினத்தினுடையது. தங்கச் சுரங்கத்தின் நந்திதுர்க் ஷாஃப்ட்டில் பாறை துளைத்தவர். சுரங்கம் மூடி இருபது வருஷமாகியும் அந்தத் தூசி மட்டும் அவர் நெஞ்சிலிருந்து வெளியே வரவில்லை. குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்தால் நடுவில் இரண்டு தடவை நிற்பார். ஆனாலும் தூக்குவதை விடமாட்டார். அவர் மனைவி மங்கம்மா அதட்டினால், "இதுகூட செய்யாம இன்னா பண்ணச் சொல்ற" என்பார். ஒரே மகள் இந்து பெங்களூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள்.

மார்ச்சிலேயே அவருக்கு ஊசி போட்டிருக்கலாம். நெஞ்சு சரியில்லாதவர்கள் போட்டுக்கொண்டால் ஆகாது என்று யாரோ கிளப்பிவிட, தயங்கிவிட்டார். தயக்கம் தெளிந்து போனபோது மருந்து இல்லை. இரண்டாவது தடவை வரிசையில் நின்று மயக்கம் வந்து சகாயத்தின் ஆட்டோவில்தான் வீடு வந்தார்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம், கரோலின் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த முனிரத்தினம் கேட்டார்.

"இன்னாம்மா, உங்க கம்பெனி ஊசி எப்போ வருது?"

"கேட்டுகினு இருக்காங்க மாமா. அந்த வெளிநாட்டுக்காரங்க இன்னும் சரின்னு சொல்லல."

"மெஷின் கீதுல்ல?"

"எல்லாம் இருக்குது. ஆளும் இருக்கோம்."

"பின்னே இன்னா தடை?"

அவள் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு நின்றாள். சொல்லி முடிக்கும் தெம்பு இருக்கிறதா என்று தனக்குள் பார்த்துக்கொண்டாள். "அந்த மருந்து செய்ற முறை அவங்களுது மாமா. காப்புரிமைன்னு சட்டம் இருக்குது. அவங்க எழுதிக் குடுக்காம வேற யாரும் செய்யக்கூடாது. அவங்க ஆளுங்க வந்து சொல்லியும் குடுக்கணும். நம்ம நாடும் தென்னாப்பிரிக்காவும் சேந்து, இந்த நோய் போறவரைக்கும் அந்தச் சட்டத்தை ஒதுக்கி வைங்கன்னு உலக வர்த்தக அமைப்புல கேட்டிருக்காங்களாம். பெரிய நாடுங்க ஒத்துக்க மாட்டேங்குதாம்."

முனிரத்தினம் யோசித்தார். மூச்சு வாங்கியதால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. "நாங்களும் கேட்டோம். மைன்ஸ மூடாதீங்க, நாங்களே சொசைட்டி வெச்சு நடத்திக்கிறோம்னு. எங்களுக்குத் தெரியாத வேலையா? கேஜ் லிப்ட்டு எறங்கினா எந்த லெவல்ல இன்னா இருக்குதுன்னு கண்ண மூடிகினு சொல்லுவோம். எங்க ஆளுங்க டெல்லி, கோர்ட்டுன்னு அலைஞ்சாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் வரல." கொஞ்சம் இருமினார். "இது வரும்ல?"

"வந்துடும் மாமா" என்றாள் கரோலின்.

அந்த நேரத்துக்கு அப்படிச் சொல்வதுதான் சுலபமாக இருந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலில் ஒரு நிம்மதி இருந்ததை அவள் கவனித்தாள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

மே மாதக் கடைசியில் ரூபேஷ் அவர்கள் பிரிவை மட்டும் கூப்பிட்டார். இந்த முறை கேன்டீனில் அல்ல, உடை மாற்றும் அறைக்கு வெளியே இருந்த நடைபாதையில். வெளிநாட்டுக்காரர்கள் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றார். கம்பெனியின் தரத்தில் குறை சொல்லவில்லை. தங்கள் தொழில்நுட்பத்தைப் புதிய இடங்களுக்குக் கொடுக்கும் திட்டம் இப்போது இல்லையாம், அவ்வளவுதான்.

"அப்போ நம்ம கூடம் சார்?" என்று ஜெயசீலி கேட்டாள்.

"ஓட்டிக்கிட்டே இருப்போம். நிறுத்திட்டா தேர்ச்சி போயிடும். நாளைக்கே மனசு மாறிக் குடுத்தாங்கன்னா நாம ரெடியா இருக்கணும் இல்லையா?" சொல்லிவிட்டு அவர் முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டார். அவருடைய தம்பி அந்த வாரம்தான் இறந்திருந்தான். அது எல்லாருக்கும் தெரியும்.

அன்று பஸ்ஸில் கரோலினுக்குத் தூக்கம் வரவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் இறங்கி வீட்டுக்கு வந்தால் அடுத்த வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டு மாணிக்கராஜ் வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார். காலையிலிருந்து முனிரத்தினத்துக்கு மூச்சுத் திணறலாம், நகத்தில் நீலம் பாய்ந்துவிட்டதாம். ஆம்புலன்ஸ் வந்து கோலாருக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். மங்கம்மாவையும் கூட ஏற்றிக்கொண்டு போனார்களாம், ஆனால் உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லித்தான் ஏற்றினார்களாம்.

அவர் திரும்பி வரவில்லை. நல்ல நெஞ்சு உள்ளவர்களே தாங்காத நோய், ஏற்கெனவே பாதி மூச்சில் இருந்தவரை அது அதிக நாள் வைத்திருக்கவில்லை. உடலை வீட்டுக்குக் கொடுக்கவில்லை. பாதுகாப்பு உடுப்புப் போட்ட நான்கு பேர் காரியத்தை முடித்தார்கள். இந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, அம்மாவைப் பெங்களூருக்குக் கூப்பிட்டாள். மங்கம்மா போகவில்லை.

சடங்கு என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கரோலின் சோறும் ரசமும் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். மங்கம்மா கதவுக்கு உள்ளேயே நின்றாள். பாத்திரத்தை வாங்கவில்லை.

"எடுத்துகினு போம்மா."

"அத்தே, ரெண்டு வாய் சாப்டுங்க."

"உன் வூட்டுச் சோறு எனக்கு வேணாம். ஊசி கம்பெனில கீது, ஜூன் மாசம் குடுக்கிறோம், உங்க ரெண்டு பேரோட பேரும் எழுதியாச்சு, வெயில்ல போயி நிக்காதீங்கன்னு உம் புருஷன் சொன்னான். அவரும் நம்பிகினு போறத நிறுத்திட்டாரு. அடுத்த வாரமே இங்க நம்ம ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்துச்சு. நான் கூப்ட்டேன். கரோலின் பொண்ணும் ஊசி வந்துடும்னு சொல்லிச்சி, அந்த ஊசி நல்ல ஊசியாம், இருக்கட்டும்னாரு." மங்கம்மா சத்தம் போடவில்லை. மளிகைக் கணக்கு சொல்வதுபோலச் சொன்னாள். "கையில வெச்சிகினு குடுக்காம இருந்தீங்க. போங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

கரோலின் பாத்திரத்தோடு வீட்டுக்குள் வந்தாள். சகாயம் தரையில் உட்கார்ந்து ஆட்டோவின் ஏதோ ஒரு பாகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் காதிலும் விழுந்திருந்தது.

"பேரு எழுதியாச்சின்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

அவன் நிமிரவில்லை. "அன்னிக்கு ஆட்டோவுல வரும்போது ரொம்ப முடியாம இருந்தாரு. இன்னொரு தரம் போயி நின்னா செத்துருவேன்டாப்பான்னு சொன்னாரு. ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேன். நீதான யாரு பேரு வேணும்னாலும் சொல்லிக்கலாம்னு சொன்ன."

"எப்போ சொன்னேன்?"

"சொன்ன."

அவளுக்கு அப்போதுதான் அந்தச் சாப்பாட்டு நேரம் மங்கலாக ஞாபகம் வந்தது. கொடியில் துணி போட்ட சாயங்காலமும் ஞாபகம் வந்தது. கத்த வேண்டும் போல இருந்தது, ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. இவன் ஒரு நல்ல வார்த்தை சொல்லப் போய்ப் பொய் சொன்னான். அவளும் அலுப்பில் ஆமாம் போட்டாள். பொய்யாகாமல் போயிருக்க எல்லா வாய்ப்பும் இருந்த பொய் அது. எங்கேயோ ஒரு தேசத்தில் யாரோ சரி என்று சொல்லியிருந்தால் அது பொய்யே இல்லை. அப்படி நினைத்துப் பார்த்தாள். நினைத்ததால் பாரம் இறங்கவில்லை.

"சோத்த மூடி வைங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

சகாயம் ஒருநாள் போய் மங்கம்மாவின் காலைத் தொட்டான். அவள் காலை நகர்த்திக்கொண்டாள், திட்டவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சில்லை. குழாயடியில் கரோலின் வந்தால் மங்கம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்பாள். வீதியில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். மருந்துக் கம்பெனிக்காரி, தன் வீட்டுக்கு மட்டும் ரகசியமாகப் போட்டுக்கொண்டாள் என்றுகூட ஒரு பேச்சு. கரோலினும் சகாயமும் உள்ளூர் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றுதான் ஜூலையில் போட்டுக்கொண்டார்கள். பார்த்தவர்களும் அதைச் சொல்லவில்லை.

வருஷக் கடைசியில் ஊசி தாராளமாகிவிட்டது. சுகாதார ஊழியர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்து கெஞ்சினார்கள். மங்கம்மா முதலில் விரட்டிவிட்டாள். அடுத்த முறை வந்தபோது கையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

கம்பெனியில் சூப்பு ஓடிக்கொண்டே இருந்தது. ஜெயசீலி பெங்களூரில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். கரோலினுக்கும் போகத் தோன்றியது, ஆனால் விண்ணப்பம் எழுதி, யாரிடமாவது சொல்லி, புது ஆட்களோடு பழகி என்று நினைக்கும்போதே அசதி வந்து அமுக்கியது. மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறினாள்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் உரிமம் வந்தது.

ரூபேஷ் கேன்டீனுக்கு வந்து சொன்னார். சிலர் கை தட்டினார்கள், பழக்கத்தில். இங்கே விற்கக் கூடாது, ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றுக்கு மட்டும் அனுப்பலாம் என்று நிபந்தனை. வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் வந்து சில வாரம் தங்கிப் பார்த்தார்கள். கூடம் பிரமாதம், இவ்வளவு சுத்தமாக எங்கேயும் பார்க்கவில்லை என்று பாராட்டினார்கள். அவர்களில் ஒருவர் கரோலினுக்குக் கைகொடுத்தார். அவளும் சிரித்தாள். கெட்ட மனுஷர் மாதிரித் தெரியவில்லை.

பிறகு முதன்முறையாக மெஷினில் நிஜமான தடுப்பூசி ஓடியது. கண்ணாடிக்கு உள்ளே அதுவும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. சூப்புக்கும் அதற்கும் பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. ஆனாலும் கரோலின் குப்பிகள் வரிசையாக வந்து மூடி போட்டுக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இதில் ஒன்று போதுமாயிருந்தது என்று நினைப்பு வந்தபோது கண்ணைத் துடைக்க முடியவில்லை. உள்ளே முகத்தைத் தொடக் கூடாது.

மொத்தச் சரக்கும் குளிர்கிடங்குக்குப் போனது. அங்கேயே இருந்தது. அந்த ஆப்பிரிக்க நாடுகளுக்கு அதற்குள் பணக்கார தேசங்கள் தங்களிடம் மிஞ்சியதை எல்லாம், கெடு முடியப்போகிற சமயத்தில், பெட்டி பெட்டியாக அனுப்பிவிட்டிருந்தன. அதையே போட ஆளும் குளிர்பெட்டியும் இல்லாமல் அவர்கள் திண்டாடினார்கள். இன்னும் அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஜூன் மாதம், ஜெனீவாவில் எல்லா நாடுகளும் கூடிக் காப்புரிமைச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்த ஒத்துக்கொண்டன என்று கேன்டீன் டிவியில் காட்டினார்கள். தடுப்பூசிக்கு மட்டும், அதிலும் பல நிபந்தனைகளோடு. யாரோ சேனலை மாற்றினார்கள். கிரிக்கெட் ஓடியது.

கிடங்கில் இருந்த சரக்கின் கெடு முடிந்ததும் அழிக்கும் வேலை வந்தது. புதுசாக ஆள் வைக்காமல் நிரப்பும் பிரிவையே அதற்குப் போட்டார்கள். தட்டுத் தட்டாகக் குப்பிகளை அடுக்கி, பெரிய நீராவி அடுப்புக்குள் தள்ளி, கதவை இறுக்கி, வெந்து முடிந்ததும் வெளியே இழுத்து நொறுக்கும் மெஷினில் கொட்ட வேண்டும். ரூபேஷும் ஒரு கை பிடித்தார். மேனேஜர் செய்ய வேண்டிய வேலை இல்லை அது.

அந்த வேலை முடிந்த அன்று கரோலின் வீட்டுக்குப் போகாமல் நேரே மங்கம்மாவின் கதவைத் தட்டினாள். ஏன் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியாது. கால் அங்கே போனது. மங்கம்மா திறந்தாள். ஒரு வருஷத்தில் மெலிந்திருந்தாள். உள்ளே டிவியில் ஏதோ தெலுங்கு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா?"

"அத்தே, எங்க ஊசிய இன்னிக்கு அழிச்சுட்டோம்" என்றாள் கரோலின்.

மங்கம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உள்ள வா" என்றாள்.

கரோலின் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். மாமா ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் கம்பெனியில் ஒரு சொட்டு மருந்துகூட இல்லை என்று. குப்பியில் நிரப்பினதெல்லாம் வெறும் சூப்பு என்று. உரிமம் எப்போது வந்தது, எதற்கு வந்தது, இன்றைக்கு என்ன ஆனது என்று. சகாயம் சொன்னது பொய், தான் வந்துடும் என்று சொன்னது அசதியில் என்று. அழவில்லை. குரலில் அதற்கான ஈரம்கூட மிச்சமில்லை.

மங்கம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இத்தினி நாளு நீ ஒளிச்சு வெச்சிருந்தன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். "அது பரவால்ல. மனுசங்க அப்பிடித்தான், தன் வூட்டுக்குன்னு ஒளிச்சு வெப்பாங்க, அது எனக்குப் புரியும். மெஷின் இருந்துச்சி, கை இருந்துச்சி, வேல தெரிஞ்சவங்க இருந்தீங்க, ஆனா ஒண்ணும் இல்லன்னு சொல்ற. இத நான் யாரத் திட்டிகினு ஆத்திக்கிறது?"

"எனக்கும் தெரியல அத்தே."

"உம் புருஷன் பண்ணது தப்புதான்."

"தப்புதான்."

"நீயும்தான்."

"ஆமா."

மங்கம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. ஏதோ கேட்டாள், சர்க்கரை போடலாமா என்றோ என்னவோ. பதில் வராததால் டம்ளரோடு வெளியே வந்து பார்த்தாள். கரோலின் உட்கார்ந்த வாக்கிலேயே சுவரில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, வெளுத்த கைகள் இரண்டும் மடியில் கிடந்தன.

மங்கம்மா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். வெளியே சகாயத்தின் ஆட்டோ வந்து நின்றது. அவன் மனைவியைத் தேடிக் கூப்பிடுவதற்கு முன்பு அவள் வாசலுக்குப் போய், பேசாதே என்று கையால் ஜாடை காட்டினாள்.